வெடிச் சத்தத்துக்குச் சாட்சி

மார்ச் மாதம் ஒன்பதாம் நாள். விடியல் முதல் விடாத தூறல். நகர மன்றக் கூடத்தில் ஒலிபெருக்கி அமைக்க வந்தவர், நனைந்த கம்பிச் சுருளைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். அறுபத்திரண்டு வயதான அவரை ஊரார் ‘மைக்செட்’ என்றே அழைப்பர். எக்கட்சிக் கூட்டமாயினும் மேடையில் முதலில் ஏறுபவரும் கடைசியில் இறங்குபவரும் அவரே. ஆயினும் ‘ஹலோ, ஒன்று, இரண்டு, மூன்று’ என்பதற்கு மேல் அவர் ஒலிவாங்கியில் பேசியதில்லை.

பதினெட்டு ஆண்டுகளுக்கு முன், சந்தைத் திடலில் நடந்த கூட்டமொன்றில் அவருடைய பழைய ஆம்ப்ளிஃபயர் வெடித்தது. அவ்வோசையை ஒலிபெருக்கிக் குழாய்கள் நான்கும் திடலெங்கும் முழக்கின. மக்கள் சிதறி ஓடினர்; நெரிசலில் நால்வர் மாண்டனர். மறுநாள் இரங்கல் மேடையில் கட்சித் தலைவர் ஒருவர், “குண்டு வைத்தவர்களை விடமாட்டோம்” என்று முழங்கினார். மைக்செட் வாய் திறக்கவில்லை. மூன்றே மாதத்தில் சட்டம் வந்தது: திடலில் பத்துப் பேருக்கு மேல் கூடினால், விசாரணையின்றி ஓராண்டு காவல். ஆண்டுதோறும் நினைவுநாள், அதற்கும் ஒலிபெருக்கி அவருடையதே. குண்டைக் கண்ணால் கண்டவர்கள் ஆண்டுக்கு ஆண்டு பெருகினர். முடிதிருத்துபவர் அதன் நிறத்தையே சொன்னார்.

சென்ற மாதம், மைக்செட்டின் மனைவிக்குத் தம்பியான பேருந்து ஓட்டுநர், வார விடுப்பைப் பற்றிப் பேசுவதற்காகத் தோழர்கள் பன்னிருவரைத் திடலில் கூட்டினார். அன்று மாலையே அவரைக் காவலில் வைத்தார்கள்.

“ஏங்க, ஊருக்கெல்லாம் மைக் குடுக்கறீங்க. என் தம்பிக்காக உங்க வாய் திறக்காதா?” என்றார் மனைவி.

“சொன்னா நாலு உசுரும் என் தலையில விழும்டி.”

“இப்ப மட்டும் இறக்கி வெச்சுட்டா இருக்கீங்க? தூக்கத்துல பொலம்பறது எனக்குக் கேக்காதா?”

அச்சட்டத்தை நீட்டிப்பதா, கைவிடுவதா என்று கருத்துக் கேட்கவே இந்தத் தூறல் நாளில் நகர மன்றம் கூடியிருந்தது. முடிதிருத்துபவர் முதலில் எழுந்து, வழக்கம்போல் குண்டை வருணித்து அமர்ந்தார்.

“வேற யாராவது?” என்றார் மன்றத் தலைவர்.

மைக்செட் ஒலிவாங்கியின் முன் வந்து நின்றார்.

“ஒன்னு ரெண்டு எண்ணிட்டு இறங்கிடுங்கண்ணே!” என்றது பின்வரிசை. கூடம் சிரித்தது.

“அன்னைக்கு வெடிச்சது குண்டு இல்லைங்க. என் ஆம்ப்ளிஃபயர். மாத்தணும்னு தெரிஞ்சும் மாத்தாம கொண்டு வந்தேன். கருகின பெட்டி இன்னும் என் வீட்டுப் பரண்ல இருக்கு. என் மச்சானை விட்டுடுங்க.”

முடிதிருத்துபவர் துள்ளி எழுந்தார். “அப்ப நான் பார்த்தது என்னய்யா?”

“நீங்க அன்னைக்கு ஊர்லயே இல்லையேண்ணே. மறுநாள்தான வந்தீங்க?”

இம்முறை எவரும் சிரிக்கவில்லை. முடிதிருத்துபவர் விரல்விட்டு எதையோ எண்ணிப் பார்த்துவிட்டு, மெல்ல அமர்ந்தார்.

தலைவர் எழுதுகோலைக் கீழே வைத்தார். “பதினெட்டு வருஷமா ஏங்க சொல்லலை?”

“பயம்ங்க. எல்லாரும் சொல்லச் சொல்ல, அது குண்டாவே இருந்துடட்டும்னு எனக்கும் தோணிடுச்சு.”