கண்ணாடிக் கதவுக்குள் ஒரு கட்டளை

எண்பதுகளில் திருவெறும்பூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் பிரிவில் நான் டைப்பிஸ்ட். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவள். ஸ்ரீரங்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறிப் போவேன். வழியெல்லாம், நேற்று அடித்ததில் எங்கே தப்பு விட்டேனோ என்றே மனம் ஓடும்.

கம்ப்யூட்டர் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். அவர்கள் பார்த்துச் செய்யும் குறிப்புகளை எல்லாம் அடித்தது நான்தான். அதில் ஒரு வரியாவது அந்தத் திரையில் ஓடுவதைப் பார்த்துவிட மாட்டோமா என்று இருக்கும். கேட்க வாய் வராது.

ஒருநாள் இன்ஜினீயர் ஒரு தாளைக் கொடுத்தார். "ஒரே மெஷின்தாம்மா. ஆனா உள்ள பல மெஷின் இருக்கற மாதிரி காட்டும். அதுல ஒண்ணுக்கு எத்தனை ப்ராசஸர்னு கூட்டிக் குறைக்கற கட்டளை இது."

"குறைச்சா, ஓடிட்டிருக்கற வேலை என்ன சார் ஆகும்?"

"போயிடும். அதான் முன்னாடியே சேவ் பண்ணணும்னு கடைசியில எழுதியிருக்கேனே."

"கடைசியிலயா சார்? வரி வரியா செஞ்சுட்டு வரவங்க அங்க வந்து சேர்றதுக்குள்ள..."

"எட்டாங்கிளாஸ்ல விட்ட பாடத்தை எங்கிட்ட ஆரம்பிச்சுட்டீங்களா? இருக்கற மாதிரி அடிங்கம்மா."

நகலெடுக்கும் ஸ்டென்சில் தாளில் அப்படியே அடித்தேன். மூன்றாம் நாள், கண்ணாடிக் கதவுக்குள் ஆபரேட்டராக இருந்த காட்டூர் அக்கா, என்னோடு சாப்பிடுகிறவள், அந்தத் தாளோடு வெளியே வந்தாள். யாரோ காலையிலிருந்து ஓட்டிய கணக்கு போய்விட்டதாம்.

"ஏன்டி, ஆளைக் கொன்னப்புறம் கீழ 'கொல்லாதே'ன்னு அடிச்சு வெச்சிருக்கே!"

வேலை போனதென்றே முடிவு கட்டிவிட்டேன். மத்தியானம் இன்ஜினீயர் என் மேஜைக்கே வந்தார்.

"நீங்க சொன்ன மாதிரி அதை மேல போட்டு அடிங்க. அடிச்சுட்டு உள்ள வாங்க. நீங்க படிங்க, ஆபரேட்டர் செய்யட்டும். சரியா வந்தா காப்பி எடுப்போம்."

வெறுங்காலில் தரை சில்லென்றது. நான் படித்தேன், அக்கா அடித்தாள். முதலில் சேவ் பண்ணினாள். பிறகு கட்டளை, என் எழுத்துகள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்து நின்றன. கடைசி விசை மட்டும் பாக்கி. அக்கா நாற்காலியை நகர்த்திக்கொண்டாள்.

"நீயே தட்டுடி."

கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன். "வேணாங்க்கா, ஏதாவது ஆயிடும்."

"எல்லாம் சேவ் பண்ணியாச்சு. நீதானே படிச்சே?"

"வேணாம்."

அவளே தட்டினாள். இரண்டு என்று இருந்த இடத்தில் ஒன்று வந்தது. அவ்வளவுதான், ஒன்றும் ஆகவில்லை.

அதன்பிறகு என்னை யாரும் உள்ளே கூப்பிடவில்லை. அடுத்த வருஷம் கல்யாணமாகி வேலையை விட்டேன். இப்போது வீட்டிலேயே கம்ப்யூட்டர் இருக்கிறது, தினமும்தான் தட்டுகிறேன். ஆனாலும் தஞ்சாவூர் ரோட்டில் அந்தத் தொழிற்சாலையைத் தாண்டி பஸ் போகும்போது பாதம் சில்லிட்டுப்போகிறது. அந்தக் கடைசி விசையைத் தட்டியிருக்க வேண்டிய வலது கைச் சுண்டுவிரல் மடியில் ஒருமுறை அழுத்திப் பார்த்துக்கொள்கிறது.