அண்ணன் பிறந்ததற்கு ஆதாரம் வந்துவிட்டது

வந்தேவிட்டது!

அண்ணன் ஜெயிலில் இருப்பது உங்களுக்குத் தெரியும். உள்ளே இருந்தபடியே பத்தாவது எழுதப் போகிறான். அதற்குப் பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். நாளைதான் கடைசி நாள்.

திருத்தணி நகராட்சி அலுவலகத்தில் மூன்று முறை பழைய பதிவுகளைத் தேடச் சொன்னேன். அவன் பெயரே இல்லை. வீட்டுக்கு வந்து கத்தினால் அம்மா சிரிக்கிறாள்.

"தலச்சன் பிரசவம் அம்மா வூட்லதானடா? அவன் கடப்பாவுல பொறந்தான். நீதான் இங்க."

"இத்த மொதல்லியே சொல்றதுக்கு இன்னா?"

"நீ எங்க கேட்ட? ஊரெல்லாம் சண்ட போட்டுகினு இருந்த!"

பக்கத்து வீட்டுக்காரர் தெலுங்கில் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தார். பதில் உறைக்கும் ஸ்டாம்ப் ஒட்டி, அன்றே கடப்பா நகராட்சிக்குத் தபாலில் அனுப்பினேன்.

இன்று காலை தபால்காரர் வாசலில் நின்றார்.

"இன்னாப்பா, ஆந்திரால கவர்மென்ட் வேலையா?"

"வேல இல்ல சார். எங்க அண்ணன் பொறந்துட்டான்!"

சான்றிதழில் முத்திரை, கையெழுத்து எல்லாம் சரியாக இருந்தது. நான் குதித்த குதியில் அவர், உறையை வாங்கியதற்குக் கையெழுத்துப் போடக் கொடுத்த பேனாவைத் திருப்பி வாங்காமலே போய்விட்டார்.

மதியம் ஜெயிலிலிருந்து அண்ணன் போன் செய்தான். சொன்னேன்.

"நாளைக்கு காலைல எடுத்தாந்து குடுத்துர்றேண்ணா."

"ஆங். டேய், நீ ஒம்போதாவதுல இஸ்கூல உட்டு ஓடியாந்தவன்தான? நான் உள்ள எழுதறேன், நீ வெளிய எழுது. யாரு பாஸாவுறான்னு பாப்போம்."

யாரிடமாவது பழைய பத்தாவது கணக்குப் புத்தகம் இருக்கிறதா? அண்ணனுக்குத்தான்.

சரி, இரண்டு இருந்தால் இரண்டையும் கொடுங்கள்.