வழிமொழிகிறேன்

எங்கள் கல்லூரியில் என்னைப் போல இத்தனை முறை "வழிமொழிகிறேன்" என்று சொன்ன ஆள் வேறு யாரும் இருக்க முடியாது. ஆசிரியர் மன்றக் கூட்டமா, முத்தமிழ் விழாக் குழுவா, கேன்டீன் டீ தண்ணியாக இருக்கிறது என்ற புகாரா, எதுவானாலும் ஒருவர் எழுந்து முன்மொழிவார். அந்த ஒருவர் பெரும்பாலும் அவளாக இருப்பாள். உடனே எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பும். நான் முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்து, வழிமொழிந்துவிட்டு உட்காருவேன். அறிக்கையில் அவள் பெயர் முதல் வரியில் வரும், என் பெயர் அடுத்த வரியில் வரும். அடுத்த வரியை யார் படிக்கிறார்கள்?

அவள் எனக்கு ஜூனியர். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழ்த் துறையில் நான் சேர்ந்து சில வருடம் கழித்து, தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கீரனூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்திலிருந்து வந்தாள். எதைப் பேசினாலும் ஒரு 'ங்க' ஒட்டிக்கொண்டு வரும். நான் திண்டுக்கல் டவுன்காரி, வாத்தியார் வீட்டுப் பெண். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவள், ஆனாலும் வாய் அம்புட்டு நல்ல வாய் கிடையாது. துறையில் ஒரே மேசையின் இரண்டு பக்கம் எங்களுக்கு. என்னை அக்கா என்பாள். மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்ததும் தான் ஒரு வாய் வைப்பதற்கு முன்னால் என் பக்கம் நகர்த்துவாள். அவள் கொண்டுவரும் வெஞ்சனம் எப்போதும் என்னுடையதைவிட நன்றாக இருக்கும். அதிலிருந்துதான் ஆரம்பித்ததோ என்னவோ. பொறாமைதான். அதற்கு வேறு நல்ல பெயர் வைக்க எனக்குத் தெரியவில்லை.

இருவருக்கும் ஊர்ப்பெயர் ஆராய்ச்சி. ஆத்தூர் பக்கத்துக் கண்மாய், மடை, ஓடைப் பெயர்களை நான் சேர்த்தேன். அவள் பழனிப் பக்கத்துக் கிணறு, பாறை, தோட்டம் என்று போனாள். என் கட்டுரையில் அடிக்குறிப்பு கட்டுரையைவிட நீளமாக இருக்கும். அவளுடையதைப் பஸ்ஸில் போகும்போதுகூடப் படிக்கலாம். பாராட்டுக் கடிதம் அவளுக்கு வரும், எனக்குச் சந்தேகம் கேட்டு வரும்.

ஊர்ப்பெயர் ஆய்வாளர்களுக்கு ஓர் உலகச் சங்கம் இருக்கிறது என்று இந்த ஊரில் முதலில் கண்டுபிடித்தவள் நான்தான். உறுப்பினரானதும் தபாலில் ஒரு விதிமுறைப் புத்தகம் அனுப்பினார்கள். அதை நான் நாவல் மாதிரிப் படித்தேன். தலைவர் எத்தனை வருடம் இருக்கலாம், செயலர் எதைச் செய்யக்கூடாது, எத்தனை பேர் வந்தால் கூட்டம் செல்லும், திருத்தம் கொண்டுவர என்ன வழி, எல்லாம் எனக்கு மனப்பாடம். அவளைச் சேர்த்துவிட்டதும் நான்தான். புத்தகத்தைக் கொடுத்தால், ரெண்டு பக்கம் புரட்டிவிட்டு, "ஏனுங்க்கா, இதையெல்லாம் யாருங்க்கா படிப்பாங்க?" என்று சிரித்தாள்.

நான் படிப்பேன். படித்ததனால்தான் தெரியும்: மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஆசியாவுக்கு ஒரு பிரதிநிதியைத் தேர்ந்தெடுப்பார்கள். ஒருவர் நிற்க வேண்டுமானால் அவருடைய நாட்டிலிருந்தே ஒருவர் முன்மொழிய வேண்டும், இன்னொருவர் வழிமொழிய வேண்டும். அவர்கள் இருவரும் வேட்பாளர் அல்லாதவர்களாக, ஐந்து வருடம் பழைய உறுப்பினர்களாக இருக்க வேண்டும். நம் நாட்டில் அப்படிப் பழைய உறுப்பினர்கள் மூன்றே பேர். வெளிநாட்டுக்குச் சந்தா அனுப்பித் தாவு தீர்ந்து மற்றவர்கள் விட்டுவிட்டார்கள். மிச்சம் மதுரையில் ஓய்வுபெற்ற ஒரு பேராசிரியர், நான், அவள். மூன்று பேர் சரியாகப் போதும். ஒருவர் நிற்க, ஒருவர் முன்மொழிய, ஒருவர் வழிமொழிய. அந்த மூன்றில் நிற்கிற ஆள் நான்தான் என்று எனக்கு நானே முடிவுசெய்து வைத்திருந்தேன். எனக்கு அந்தப் பதவி வேண்டும். வாழ்க்கையில் ஒரு தடவையாவது முதல் வரி வேண்டும்.

இரண்டாயிரம் பிறந்து சில மாதம் இருக்கும். மதுரைப் பேராசிரியர் எங்கள் வீட்டுக்குப் போன் செய்தார்.

"அம்மா, ஒங்க தோழிய நான் முன்மொழிஞ்சு படிவம் அனுப்பியிருக்கேன். நீங்க வழிமொழிஞ்சு ஒரு கையெழுத்துப் போட்டு அனுப்பிருங்க. அதுக்கு ஒங்களவிடப் பொருத்தமான ஆளு யாரு இருக்கா?"

பொருத்தமான ஆளாம்! ரிசீவரை நங்கென்று வைத்தேன். அடுத்த நாள் படிவம் வந்தது. அதை மேசையில் போட்டுவிட்டு வீட்டுக்காரரிடம் எரிந்து விழுந்தேன். அவர் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார், எதையும் நிதானமாகக் கேட்கிற மனுஷன்.

"நீ கையெழுத்துப் போடலைன்னா?"

"அவ நிக்க முடியாது."

"அப்ப நீ நிக்கலாமா?"

"என்னைய யாரு முன்மொழியிறது? அந்தாளுதான் அவள முன்மொழிஞ்சுட்டாரே."

"அப்பப் போட்டுத் தொலை" என்றவர், அடுப்படிப் பக்கம் திரும்பி, "இன்னைக்குக் கத்தரிக்காப் புளிக்குழம்புன்னு நான் முன்மொழியிறேன். வழிமொழியிறியா?" என்றார். அன்றைக்கு அவருக்கு வெறும் ரசம்தான்.

ஒரு வாரத்துக்கு மேல் அந்தப் படிவம் என் கைப்பையிலேயே கிடந்தது. தினமும் அவள் எதிரே உட்கார்ந்திருந்தாள். தினமும் டிபன் பாக்ஸை நகர்த்தினாள். கையெழுத்து என்ன ஆச்சு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் "வேலை இருந்துச்சும்மா, மறந்துட்டேன்" என்று இன்னும் கொஞ்ச நாள் இழுத்திருப்பேன். கெஞ்சியிருந்தால் அதிலேயே கொஞ்சம் குளிர்ந்திருப்பேன். கேட்காமல் சுண்டைக்காய் வற்றலை என் பக்கம் தள்ளுகிறவளை என்ன செய்வது? கெடு முடிகிற நேரத்தில் கையெழுத்துப் போட்டு ஃபேக்ஸ் அனுப்பினேன்.

ஜெயித்தாள். ஊரில் பேனர் வைக்காத குறை. கல்லூரி முதல்வர் பாராட்டுக் கூட்டம் போட்டார். அதில் நன்றியுரை நான். வெளிநாட்டுக் கூட்டத்துக்குப் போய்வந்தவள் எனக்கு ஒரு கம்பளி ஸ்வெட்டர் வாங்கிவந்தாள். திண்டுக்கல் வெயிலில் ஸ்வெட்டரை நான் எங்கே போட? "நல்லாருக்குங்களா அக்கா?" என்றாள். "இருக்கு இருக்கு" என்றேன். பீரோவின் அடித்தட்டில் போட்டுப் பூட்டினேன். உள்ளே வயிறு எரிந்துகொண்டிருந்த எனக்குக் கம்பளி வேறு எதற்கு?

அடுத்த வருடம் மதுரைப் பேராசிரியர் காலமானார். மாலை வாங்கிக்கொண்டு இருவரும் ஒரே பஸ்ஸில் போனோம். அவர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது எனக்கு ஓடிய கணக்கு இதுதான்: இனி மூன்று பேர் இல்லை, இரண்டே பேர். நான் நிற்க வேண்டுமென்றால் அவள் முன்மொழியலாம், வழிமொழிய ஆள் கிடையாது. கதை முடிந்தது. சாவு வீட்டில் நான் அழுததைப் பார்த்து எல்லோரும் எனக்கு அவர்மேல் அவ்வளவு மரியாதை என்று நினைத்துக்கொண்டார்கள். ஆண்டவர் மன்னிக்கட்டும், நான் அழுதது எனக்காக.

அவள் பதவிக்காலம் முடிகிற வருடம் சங்கத்தின் பொதுக்கூட்டத்தையே திண்டுக்கல்லுக்குக் கொண்டுவந்துவிட்டாள். வெள்ளைக்காரத் தலைவர் முதல் கொழும்புப் பேராசிரியை வரை எங்கள் கல்லூரி அரங்கத்துக்கு வந்து இறங்கினார்கள். வரவேற்பு அவள், சாப்பாடு நான். எத்தனை பேருக்குப் பிரியாணி, எத்தனை பேர் சைவம் என்று சமையல்காரரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, கூட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம், ஒரு தாளோடு வந்து நின்றாள்.

"செத்த நேரம் வாங்கக்கா" என்றாள். என்னோடு பழகி எங்கள் பேச்சு அவளுக்கும் ஒட்டியிருந்தது. "நாளைக்கு ஒரு திருத்தம் கொண்டுவரப் போறனுங்க. வேட்பாளருக்கு முன்மொழியறவர் ஒருத்தர் போதும், வழிமொழியறவர் வேண்டாம்னு."

"எதுக்கு?"

"நம்ம நாட்டுல இப்ப நாம ரெண்டு பேருதானுங்களே. சின்ன நாட்டுக்காரங்க எல்லாருக்குமே இதே பாடுதானுங்க. இது வந்துட்டா, அடுத்த தடவை நீங்க நிக்கலாம். நான் முன்மொழியறேன். நாளைக்கு இந்தத் தீர்மானத்த நீங்கதானுங்க வழிமொழியோணும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எனக்காக உலகச் சங்கத்தின் விதியைத் திருத்துகிறாளாம்! பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடித்துக் கொடுக்கிற மாதிரி. "நீ பாத்து எனக்குப் பதவி குடுக்குறியாக்கும்?" என்றேன். "ஐயோ, அப்படியில்லீங்க்கா" என்று என் கையைப் பிடித்தாள். பிரியாணி மசாலாக் கை. அதையும் பொருட்படுத்தாமல் பிடித்தாள்.

அவள் போனபிறகு தாளைப் படித்தேன். வழிமொழிபவர் பற்றிய வாக்கியத்தை முழுசாக அடித்திருந்தாள். முன்மொழிபவருக்கும் பொருந்துகிற 'வேட்பாளர் அல்லாதவர்' என்ற சொற்கள் அந்த வாக்கியத்தில்தான் இருந்தன. அவையும் சேர்ந்து போய்விட்டன. மிஞ்சியது, 'ஓர் உறுப்பினர் முன்மொழிய வேண்டும்' என்பது மட்டும். எந்த உறுப்பினர் என்று இல்லை. அப்படியென்றால் என்னை நானே முன்மொழியலாம்! விதிமுறைப் புத்தகத்தைப் புரட்டிவிட்டுச் சிரித்தவளுக்கு அது கண்ணில் படவில்லை. நான் சொல்லவும் இல்லை. ஏன் சொல்ல வேண்டும்? அவள் தயவில்லாமல் முதல் வரிக்குப் போக ஒரு சந்து கிடைத்திருக்கிறது.

மறுநாள் அரங்கத்தில் தீர்மானத்தை அவள் படித்தாள். வழிமொழிவது யார் என்று தலைவர் கேட்டார். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பவில்லை. அந்நியர்களுக்கு என்னைத் தெரியாதே. அவள் மட்டும் பார்த்தாள். கொஞ்சம் காக்கவைப்போம் என்று நான் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். அப்போது முன்வரிசையில் கொழும்புப் பேராசிரியையின் கை மெல்ல உயர ஆரம்பித்தது. அடியம்மா! இத்தனை வருடம் நான் உட்கார்ந்த இடத்தில் இவள் யார் வந்து உட்கார? நாற்காலி பின்னால் சாய்ந்து விழ, துள்ளி எழுந்து, "வழிமொழிகிறேன்!" என்று கத்தினேன். தமிழிலேயே கத்திவிட்டேன். அரங்கம் சிரித்தது. தீர்மானம் நிறைவேறியது.

சில மாதத்தில் தேர்தல் அறிவிப்பு வந்தது. அதற்குள் எல்லாம் இமெயிலாகிவிட்டது. பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, ஒற்றை விரலால் தட்டித் தட்டி, வேட்பாளர் என்ற இடத்தில் என் பெயர், முன்மொழிபவர் என்ற இடத்திலும் என் பெயர் போட்டு அனுப்பினேன். வெளியே வந்து ஒரு ஜிகர்தண்டா குடித்தேன். அப்படி ஒரு நிம்மதி. இனி அவளுக்கு இதில் வேலையே இல்லை.

அன்று பொழுது சாயும்போது அவள் போன் செய்தாள். "அக்கா, உங்களக் கேக்காமயே உங்கள முன்மொழிஞ்சு காலைலயே அனுப்பிப்போட்டேனுங்க. கேட்டா வேண்டாம்பீங்க."

காலையிலேயே. அதிலும் எனக்கு முன்னால். "சரிம்மா" என்றேன்.

போட்டியே இல்லை. ஜெயித்துவிட்டேன். முதல்வர் பாராட்டுக் கூட்டம் போட்டார், நன்றியுரை அவள். சங்கத்தின் செய்தி மடல் வந்தபோது வீட்டுக்காரர்தான் பிரித்தார். ஒரே வேட்பாளருக்கு இரண்டு கடிதம் வந்ததும் அங்கே இருந்த யாரோ, புது விதியை மறந்து, பழைய பழக்கத்தில் முதலில் வந்ததை முன்மொழிவாகவும் அடுத்து வந்ததை வழிமொழிவாகவும் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர் வாசிக்க ஆரம்பித்தார்: "தேர்ந்தெடுக்கப்பட்டவர் நீ. முன்மொழிஞ்சது அவங்க. வழிமொழிஞ்சது..." அதற்குமேல் சிரிப்பில் அவருக்கு வாசிக்க வரவில்லை. கையிலிருந்து பிடுங்கிப் பார்த்தேன். வழிமொழிந்தவர் என்ற இடத்தில் என் பெயர் அச்சாகியிருந்தது.

மறுநாள் மத்தியானம் அதே மடல் எங்கள் மேசைமேல் விரித்துக் கிடந்தது. அவள் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏனுங்க்கா, உங்கள நீங்களே வழிமொழிஞ்சுக்கிட்டீங்களா?"

"பழக்கதோஷம்" என்றேன்.

அவளுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. மேற்கொண்டு கேட்காமல் டிபன் பாக்ஸைத் திறந்து என் பக்கம் நகர்த்தினாள். அவரைக்காய்ப் பொரியல். அன்றைக்கும் அவளுடையதுதான் நன்றாக இருந்தது.