கொழுப்பக்காவின் தெப்பங்கள்

என் அக்காவுக்கு ஆய்வகத்தில் கொழுப்பக்கா என்று பட்டப்பெயர். வேலைக்கு மட்டுமல்ல, அவள் வாய்க்கும் அது பொருத்தம்தான். குடுவைகளில் செல்களை வளர்த்து, பிறகு ஒரு மருந்தை ஊற்றி, அவற்றின் மேல்சவ்விலிருந்து கொலஸ்ட்ராலை உருவி எடுப்பாள்.

எதற்கு இந்தப் பாடு என்றால், அந்தச் சவ்வில் கொலஸ்ட்ரால் கூடிய குட்டித் தெப்பங்கள் மிதக்கின்றனவாம். மனநிலையோடு சம்பந்தப்பட்ட செரோட்டோனினை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளில் சில அங்கே கூடித்தான் வேலை பார்க்கின்றன. கொலஸ்ட்ரால் போனால் தெப்பம் கலையும், ஏற்பி தடுமாறும். அவள் வீட்டுக்கு நான் சாப்பிடப் போகும்போதெல்லாம் அக்கா இதைச் சொல்லாமல் விட்டதில்லை. நான் காதில் வாங்கியதே கிடையாது.

காதில் வாங்கியவர் அத்தான், அவள் கணவர். பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். மனச்சோர்வு வந்து, வேலைக்குப் போகாமல் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். செரோட்டோனினைக் கூட்டும் மாத்திரை கொடுத்த டாக்டர், பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும் என்றார். ஒருமுறை மாரடைப்பு வந்தவர் என்பதால் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் மாத்திரையும் உண்டு. இரண்டையும் பிரித்து அவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் அக்கா காலையில் வேலைக்குக் கிளம்புவாள்.

ஒரு விடுமுறை நாளில் தலையணை உறையை மாற்றும்போது உள்ளேயிருந்து வெள்ளை மாத்திரைகள் கொட்டின. அக்கா எனக்கு போன் செய்தாள்.

"உடனே வாடா. உங்க அத்தான் மாத்திரையெல்லாம் சேத்து வச்சிருக்காரு."

எதற்காகச் சேர்த்தார் என்று அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. சட்டையைக்கூட மாற்றாமல் கிளம்பினேன்.

நான் போனபோது மாத்திரைகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த வாய் மூடியிருந்து நான் பார்த்ததே இல்லை. கட்டிலில் இருந்த அத்தானே பேசினார்.

"அதெல்லாம் கொலஸ்ட்ரால் மாத்திரை. மத்ததை ஒரு நாளும் விடல. கொலஸ்ட்ரால் போனா அந்த ஏற்பி ஓடாதுன்னு நீதானே சொன்ன? ரெண்டையும் போட்டா அது எப்படி வேலை செய்யும்?"

குப்பையில் போட்டால் கண்டுபிடித்துவிடுவாள் என்று தலையணைக்குள் போட்டிருக்கிறார்.

அக்காவுக்கு வாய் திரும்பி வந்தது. தான் உருவுவது குடுவையில் உள்ள செல்லில், மூளை தனக்கு வேண்டிய கொலஸ்ட்ராலைத் தானே செய்துகொள்ளும், டாக்டரை ஒரு வார்த்தை கேட்டால் என்ன என்று பிடிபிடியென்று பிடித்தாள். டாக்டருக்கு போன் போடும் வேலை என் தலையில் விழுந்தது.

அத்தான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"எனக்குச் சீக்கிரம் நல்லாகணும்," என்றார்.

அக்கா பாதியில் நிறுத்தினாள். எத்தனையோ மாதங்களாக அந்த மனிதர் தனக்கென்று எதுவும் வேண்டும் என்று சொன்னதில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவள் வாய்விட்டு அழுதாள்.