கொழுந்துக்கூடையில் கடலுக்கு

கடல் பார்க்கப் போகிற குடும்பங்கள் பாய் கொண்டுபோகும், சோற்றுப் பொதி கொண்டுபோகும், பிள்ளைக்கு மாற்றுச் சட்டை கொண்டுபோகும். கொழுந்துக்கூடை கொண்டுபோன குடும்பம் வன்னியில் எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும். இதை இப்போது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்கிறேன். அப்போது எனக்குப் பத்து வயது. கூடை என்று யாராவது வாயெடுத்தாலே எங்காவது ஓடி ஒளிந்துகொள்ளலாம் போல இருக்கும்.

நாட்டில் சண்டை முடிந்து நாலைந்து வருஷத்துக்குப் பிறகு மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தை விட்டுக் கிளிநொச்சிப் பக்கம் வந்தோம். எப்போதோ வந்து குடியேறியிருந்த மாமா தன் காணியில் ஒரு துண்டைத் தந்தார். அப்பா ஓட்டோ ஓட்டினார். தம்பிக்கு இரண்டு வயது இன்னும் நிரம்பவில்லை. சாமான் ஏற்றிய லொறியில் வரும்போதே அம்மா அப்பாவிடம் சொல்லிவிட்டாள், இனி இந்தத் தலையில் கயிறு ஏறாது என்று. கொழுந்து பறிக்கிற பெண்கள் கூடையை முதுகில் போட்டு, அதன் கயிற்றை உச்சந்தலையில் மாட்டிக்கொள்வார்கள். பாரம் முழுக்கத் தலைக்குத்தான். பதினாலு வருஷம் அப்படிச் சுமந்ததில் அம்மாவின் உச்சியில் கயிறு படுகிற இடம் முடி உதிர்ந்து, ஒற்றையடிப் பாதை மாதிரிக் கிடந்தது. பிறகு எதற்குக் கூடையைக் கொண்டுவந்தாள் என்றால், சட்டி பானையை எதிலாவது அடுக்க வேண்டுமே. வந்து சேர்ந்ததும் அதில் கோழியை அடைவைப்பதாக இருந்தது.

கோழிக்கு அந்தப் பாக்கியம் கிடைக்காமல் செய்தவர் முன்வீட்டு அன்ரி. அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒரே பங்குக் கிணறு. அவர் மகள் என்னோடு ஐந்தாம் வகுப்பில் படித்தாள், வந்த கிழமையே எனக்குச் சிநேகிதியாகிவிட்டாள். நாங்கள் சாமான் இறக்கிய அன்று அன்ரி வேலியோரம் நின்று பக்கத்து வீட்டுக்காரியிடம், எங்களுக்குக் கேட்கட்டும் என்றே சொன்னார்.

“கொழுந்துக்கூடையையும் கொண்டெல்லே வந்திருக்குதுகள். இஞ்ச ஆற்ற கொழுந்தை ஆயப்போகுதுகள்?”

ஆடு மாட்டைப் பற்றிக் கதைப்பது போலத்தான் அவர் கதைத்தார். இங்கே யாருடைய கொழுந்தைப் பறிக்கப்போகிறோம் என்று இரண்டு பேரும் சிரித்தார்கள். அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பானைகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தாள். பின்னேரம் கூடையைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய், அன்ரி குசினி யன்னலால் பார்த்துக்கொண்டிருக்க, தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். வெயிலில் காயவைத்தாள். பழைய சேலை ஒன்றை நாலாக மடித்து அடியில் போட்டாள். யாருக்கு இந்த மெத்தை என்று அப்பா கேட்டதற்குப் பதில் இல்லை.

அடுத்த போயா விடுமுறைக்குப் பதில் தெரிந்தது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி பள்ளிக்கூடமும் இல்லை, அப்பாவுக்கு ஓட்டமும் குறைவு. இருக்க வந்த ஊரை நாம் தெரிந்துவைத்திருக்க வேண்டும், இன்னொருத்தரிடம் வழி கேட்டுக்கொண்டு திரியக்கூடாது, ஒவ்வொரு போயாவுக்கும் ஓரிடம் போவோம் என்று அம்மா சொல்லியிருந்தாள். நான் சந்தோஷத்தில் குதித்தேன். முதலில் இரணைமடுக் குளம். ஓட்டோ நின்றதும் அம்மா இறங்கினாள், தம்பியைத் தூக்கிக் கூடைக்குள் நிறுத்தினாள், கூடையை முதுகில் ஏற்றினாள், இனி ஏறாது என்ற கயிற்றைத் தலையில் மாட்டினாள். இரண்டு கையையும் வீசிக்கொண்டு குளக்கட்டில் நடக்கத் தொடங்கினாள்.

குளம் பார்க்க வந்த சனம் குளத்தை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தது. தம்பிக்கோ அது தேர். அம்மாவின் கொண்டையைப் பிடித்துக்கொண்டு நின்று, கண்ட எல்லாவற்றையும் மாடு என்றான். குளம் மாடு, கொக்கு மாடு, ஐஸ்கிறீம்காரரும் மாடு. கையில் கிடைத்ததையெல்லாம் வெளியே எறிந்தான். அவன் எறிந்த சூப்பியையும் செருப்பையும் பொறுக்கிக்கொண்டு போகிற வேலை எனக்கு. ஆனால் பத்தடி தள்ளித்தான் போனேன், வேறு யாரோ வீட்டுப் பிள்ளையின் செருப்பைப் பொறுக்குகிறவள் மாதிரி.

அடுத்த மாதம் பளை. அங்கே காற்றாலைகள் பெரிய பெரிய காற்றாடிகளாகச் சுற்றிக்கொண்டிருந்தன. தம்பி பயந்து கூடைக்குள் உட்கார்ந்துவிட்டான், வெளியே தலை தெரியவில்லை. எதிரே வந்த ஒருவர் மரக்கறி விற்க வந்த பெண் என்று நினைத்துக் கூடைக்குள் எட்டிப்பார்த்துவிட்டு, ஐயோ இது பிள்ளையெல்லோ என்று சிரித்தார். அம்மாவும் சேர்ந்து சிரித்தாள். எனக்கு அழுகை வந்தது. சிரிக்கிறார்கள் என்று தெரிந்தும் அதையே மறுபடி மறுபடி செய்கிற ஆளை நான் அதுவரை கண்டதில்லை. நான் படாத பாடுபட்டு ஆமா என்பதை விட்டு ஓம் என்று சொல்லப் பழகியிருந்தேன். வாறன், போறன் எல்லாம் வாயில் வழுக்கிக்கொண்டு வந்தது. நான் இத்தனை பாடுபட்டுக் கட்டியதை அம்மா ஒரு கூடையால் தட்டிக் கொட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு அவள்மேல் அப்படிக் கோபம்.

மூன்றாவது மாதம் முல்லைத்தீவுக் கடல் என்று முடிவானது. எங்கள் வீட்டில் அப்பாவைத் தவிர யாரும் கடலைக் கண்டதில்லை. இரண்டு நாள் முந்தி முன்வீட்டு அன்ரி வேலியடிக்கு வந்து, முல்லைத்தீவில் தன் அக்கா வீடு இருக்கிறது, போயாவில் பஸ்ஸும் ஒழுங்காக இல்லை, தானும் மகளும் உங்களோடு வரலாமோ என்று கேட்டார். அப்பா யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாதவர். அம்மா, வரட்டுமே என்றாள். சிநேகிதி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள், இரண்டு பேரும் கடலில் கால் நனைப்போம் என்றாள். எனக்குக் கூடைதான் நினைவுக்கு வந்தது. அந்தக் கூடையை அவள் பக்கத்தில் நின்று பார்ப்பாள். பார்த்ததை வகுப்பில் சொல்வாள். அதோடு நான் முடிந்தேன்.

முதல்நாள் பின்னேரம் அம்மா ஆடு கட்டப் போன நேரம், கூடையிலிருந்து கயிற்றை அவிழ்த்தேன். பழைய சேலைகளைத் திரித்துப் பின்னிய கயிறு அது, தலையில் படுகிற இடத்தில் பட்டையாக, மெத்தென்று இருக்கும். அதைக் கோழிக்கூட்டுக்குப் பின்னால் வாழைச் சருகுக்கு அடியில் தள்ளிவிட்டு, கை கழுவி, பாடப் புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

காலையில் அம்மா தேடினாள். ஆணியில் பார்த்தாள், கட்டிலுக்குக் கீழே பார்த்தாள், அலுமாரிக்குப் பின்னால் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் புத்தகத்தைப் பார்த்தேன். அதற்குள் அன்ரியும் மகளும் வெளிக்கிட்டு வந்துவிட்டார்கள். ஒரு நாளைக்குக் கூடை இல்லாமல் போனால் என்ன என்று அப்பா மெல்லக் கேட்டார். அம்மா நேரே கிணற்றடிக்குப் போனாள். வாளியை அவிழ்த்துக் கிணற்றுக் கட்டின்மேல் கவிழ்த்தாள். கப்பியிலிருந்து நீல நைலோன் கயிற்றை உருவிக்கொண்டு வந்து கூடையில் கட்டினாள்.

அன்ரி வாயில் கை வைத்துக்கொண்டு நின்றார். கிணற்றுக் கயிற்றை அவிழ்த்தால் தண்ணீருக்கு எங்கே போவது என்று கேட்டார்.

“கெணறு ரெண்டு வீட்டுக்கும் பொதுதானேக்கா. ரெண்டு வீடும் ஒரே ஓட்டோவுலதானே போறோம்” என்றாள் அம்மா.

கூடையை ஓட்டோவின் பின்னால் கட்டிக்கொண்டு புறப்பட்டோம். உடையார்கட்டில் தேத்தண்ணிக்கு நிறுத்தினோம். தம்பி ஒரு பணிஸை முழுதாக அன்ரியின் மடியில் உதிர்த்தான், அவர் கோபிக்காமல் தட்டிவிட்டார். அதுவரை அக்கா வீட்டுக் கதை, மச்சான் கதை என்று ஓயாமல் கதைத்துக்கொண்டு வந்தவர், வட்டுவாகல் பாலத்தில் ஓட்டோ ஏறியதும் சட்டென்று பேச்சை நிறுத்தி மகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். வெயில் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். சண்டையின் கடைசி நாட்களில் இதே பாலத்தால், இதே மகளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து வந்தவர் அவர் என்று கனகாலம் கழித்துத்தான் அறிந்தேன்.

அக்கா வீட்டுக்குப் போகமுதல் நானும் கடலைப் பார்த்துவிட்டுப் போறன் என்று அன்ரியும் எங்களோடு இறங்கினார். ஓட்டோவை விட்ட இடத்திலிருந்து கரைக்குச் சுடுமணலில் நல்ல தூரம் நடக்க வேண்டும். அம்மா தம்பியைக் கூடையில் நிறுத்தினாள். நீலக் கயிறு தலையில் ஏறியது. மெல்லிய கயிறு, தம்பி ஒவ்வொரு தரம் துள்ளும்போதும் உச்சியில் இறங்கி அறுத்தது. கரையில் போயாவுக்கு வந்த சனம் நிறைய. நான் இந்த முறை இருபதடி தள்ளி நடந்தேன்.

அன்ரி அம்மாவின் பக்கத்தில் நடந்தார். கொஞ்சத் தூரம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“ஏன் தங்கச்சி, பிள்ளையை இடுப்பில வைச்சால் என்ன? ஆக்கள் பாக்கினம்.”

அம்மா நின்றாள். எனக்குக் கேட்கிற அளவுக்குச் சத்தமாகத்தான் சொன்னாள்.

“பதினாலு வருஷம் இதுல தோட்டத்துக் கொழுந்தச் சொமந்தேங்க்கா. பெரியவள ஒரு நாளு சொமந்ததில்ல. அவ பிள்ளைக் காம்பராவுல அழுது அழுது தொண்ட கட்டிக் கெடப்பா. நான் மேல மலையில நின்னு கேட்டுக்கிட்டே கொழுந்து பறிப்பேன். இவனத்தான் சொமக்கக் கெடச்சிருக்கு. பாக்குறவங்க பாக்கட்டும்.”

பிள்ளைக் காம்பரா என்பது தோட்டத்தில் தாய்மார் வேலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகிற அறை. அன்ரி தோளில் கிடந்த துவாயை எடுத்து மடித்து, கயிற்றுக்குக் கீழே வைக்கும்படி நீட்டினார். வேணாங்க, பழகிப்போச்சு என்று அம்மா நடந்தாள். எனக்கு அப்போது தோன்றியதைச் சொல்ல வேண்டும். நான் பிள்ளைக் காம்பராவில் அழுதுகொண்டு கிடந்தது சிநேகிதிக்கும் தெரிந்துவிட்டதே என்பதுதான் தோன்றியது. வேறொன்றும் இல்லை.

கடல் வந்தது. அம்மா முழங்கால் தண்ணீரில் போய் நின்றாள். இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றிக்கொண்டு, கங்காணியைப் பார்க்கிற மாதிரிக் கடலைப் பார்த்தாள். வா பார்ப்போம் என்கிற பார்வை. அவள் தலைக்கு மேலே தம்பி, மாடு மாடு என்று கத்தி இரண்டு செருப்பையும் ஒரே வீச்சில் கடலுக்குக் கொடுத்தான். அலை வந்து அம்மாவின் சேலையை இடுப்புவரை நனைத்தது. அவள் ஓரடிகூடப் பின்னுக்கு வரவில்லை.

கரையேறியதும் தம்பியை அப்பாவிடம் கொடுத்தாள். கூடையை மணலில் வைத்தாள். உள்ளே கிடந்த சேலையை உதறித் திரும்ப மடித்துப் போட்டாள். என்னைக் கூப்பிட்டாள்.

“ஏறு.”

எனக்கு விளங்கவில்லை. ஓட்டோ வரைக்கும் சுமக்குறேன், ஏறு என்றாள் மறுபடி. சிரிக்கவில்லை. நான் ஒல்லிப் பிள்ளை. அதைவிடப் பாரமான கொழுந்தை மழைச் சறுக்கலில் அவள் சுமந்து இறங்கியிருக்கிறாள். முடியாத காரியம் ஒன்றுமில்லை. நான் சிநேகிதியைப் பார்த்தேன். அவள் ஈரப் பாவாடையைப் பிழிந்துகொண்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“எனக்கென்ன விசரோ? நான் சின்னப்பிள்ளையோ?” என்றேன். ஊர்ப் பிள்ளை மாதிரி, வேண்டுமென்றே, எல்லாருக்கும் கேட்க.

அம்மா குனிந்தபடியே சரி என்றாள். வெறுங்கூடையை முதுகில் ஏற்றி, நீலக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு நடந்தாள். வெறுங்கூடைக்குத் தலைக்கயிறு எதற்கு, கையில் தூக்கிக்கொண்டே போகலாம். அவள் தலையில்தான் மாட்டிக்கொண்டு போனாள். பாதி வழியில் பார்த்தபோது கயிற்றுக்குக் கீழே அன்ரியின் துவாய் இருந்தது. எப்போது வாங்கினாள் என்று நான் கவனிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மா கொண்டையை அவிழ்த்தபோது உச்சியில் அந்தப் பாதை சிவந்து, தோல் உரிந்திருந்தது. தேங்காய் எண்ணெயைத் தொட்டு வைக்கும்போது பல்லைக் கடித்தாள். நான் போய் வாழைச் சருகுக்கு அடியிலிருந்து கயிற்றை எடுத்துவந்து ஆணியில் மாட்டினேன். அம்மா பார்த்தாள். கெடச்சிருச்சா என்று மட்டும் கேட்டாள். நீலக் கயிற்றை எடுத்துக்கொண்டு வாளியைக் கட்டக் கிணற்றடிக்குப் போனாள்.

அவள் கூடையைத் தூக்கியது முன்வீட்டு அன்ரிக்கு ரோசம் காட்ட என்றே கனகாலம் நினைத்திருந்தேன். அதுவும் உண்மைதான், ரோசத்தில் அவளை யாரும் வெல்ல முடியாது. ஆனால் அந்தக் கூடையில் முதலில் ஏறியிருக்க வேண்டியவள் நான் என்பதும், அதை அவள் அந்தப் பதினாலு வருஷத்திடமிருந்து பிடுங்கி என் காலடியில் கொண்டுவந்து வைத்தாள் என்பதும் அன்று எனக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகும் தம்பிக்குக் கால் நீளும்வரை ஒவ்வொரு போயாவுக்கும் போனோம். கொக்கிளாய் வரைக்கும் போனோம். பிறகு கூடை கோழிக்கே போனது. அம்மா என்னை இன்னொரு தரம் ஏறச் சொல்லவில்லை. சொல்வாள் என்று நினைத்து, மாட்டேன் என்று சொல்ல ஒவ்வொரு தரமும் நான் தயாராக நின்றேன்.