துடைத்த படங்கள்

பம்புக்காரருக்கு மூக்கு செத்துப் பத்தொன்பது வருஷம் ஆகிறது. ஊர்ச் சாக்கடை முழுக்க வந்து சேருகிற சுத்திகரிப்பு நிலையத்தில் மோட்டார் ஓட்டுகிற வேலை. முதல் மாதம் சோறு இறங்கவில்லை. இரண்டாம் மாதம் பழகிவிட்டது. அப்புறம் வீட்டில் பால் தீய்ந்தாலும் தெரியாமல் போயிற்று. மற்றவர்களின் மூக்கு மட்டும் நன்றாகவே வேலை செய்தது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரன் எழுந்து போய் நின்றுகொள்வான். மச்சினன் வீட்டு சோபாவில் இவர் உட்கார்ந்து எழுந்தால், மச்சினன் பெண்டாட்டி அந்த இடத்தைப் பார்க்காத மாதிரி பார்ப்பாள். என்ன வேலை என்று யாராவது கேட்டால் "தண்ணி டிபார்ட்மென்ட்" என்பார். பொய் இல்லை. எந்தத் தண்ணி என்று சொல்வதில்லை, அவ்வளவுதான்.

பறவைகளுக்கு அந்த மூக்கு கிடையாது. தொட்டிகளில் சுற்றி முடித்த தண்ணீர் கடைசியாக வந்து தேங்குகிற மூன்றாம் குட்டையில் கொக்கு, நீர்க்காகம், வாலாட்டி, உள்ளான் என்று கூட்டம் கூட்டமாக இறங்கும். மச்சினன் ஸ்டூடியோ வைத்திருந்தான். புது கேமரா வாங்கியபோது பழையதை இவர் தலையில் கட்டினான். இவர் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, வால்வு திறக்கப் போகிற நேரத்தில் நாலு படம் எடுக்க ஆரம்பித்தார். ஒளிந்து மறைந்து எடுக்கவேண்டிய அவசியமே இல்லை. இவருடைய ஆரஞ்சுச் சட்டையைப் பறவைகள் வால்வுச் சக்கரத்தைப் போல இன்னொரு சாமானாக எடுத்துக்கொண்டன. பத்தடியில் நின்று எடுப்பார். இறகின் நரம்பு வரைக்கும் விழும்.

படத்தைச் சரிசெய்யச் சொல்லிக்கொடுத்தவனும் மச்சினன்தான். கல்யாணப் பெண்ணின் முகத்தில் பரு இருந்தால் பக்கத்துக் கன்னத்திலிருந்து கொஞ்சம் எடுத்து அதன்மேல் பூசுவது அவன் தொழில். ஞாயிற்றுக்கிழமை பகலில் இவர் ஸ்டூடியோவுக்குப் போய் அவன் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அதையே கொக்குக்குச் செய்வார். மூன்றாம் குட்டையில் மிதக்காத பொருள் இல்லை. பிளாஸ்டிக் பை, தலைமுடிச் சுருள், ஊசி, செருப்பு, நுரை. எல்லாவற்றின் மேலும் நல்ல தண்ணீரைப் பூசுவார். பின்னால் தெரிகிற குழாயின் மேல் புல்லைப் பூசுவார். வேலை முடிந்ததும் பழைய படத்தை அழித்துவிடுவார். அதுவும் மச்சினன் பழக்கம். "பழசு கெடந்தா ஒருநாள் தப்பா அதையே பிரிண்ட் போட்டுக் குடுத்துருவோம் மாமா. பருவோட ஆல்பத்த எவன் வாங்குவான்?" என்பான்.

இப்படித் துடைத்த படங்களைத்தான் பறவைக் குழுவில் போட்டார். நானூறு பேர் இருக்கிற குழு. நடத்துகிறவர் ஒரு பேராசிரியர். அடுத்த பெரிய கை, ஒரு கண் டாக்டர். அவருடைய லென்ஸ் கைக்குழந்தை அளவு இருக்கும், தூக்கி வருவதும் அப்படித்தான். குழுவில் சேரும்போது முழ நீளத்துக்கு விதிகள் வந்தன. பம்புக்காரர் எட்டாம் வகுப்போடு நின்றவர். அடியில் இருந்த பட்டனை அமுக்கிவிட்டு உள்ளே போய்விட்டார்.

முதல் படத்துக்கே எந்த ஏரி என்று கேட்டார்கள். இவர் ஒரு மாதம் மழுப்பினார். கடைசியில் விஷயம் தெரிந்தபோது யாரும் மூக்கைப் பொத்தவில்லை, வரலாமா என்றுதான் கேட்டார்கள். பம்புக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. நிலையத்துச் சூப்பிரண்டிடம் கெஞ்சி அனுமதி வாங்கினார். அவர்கள் வருகிற அன்று பெஞ்சைக் கழுவி வைத்தார். டாக்டரின் லென்ஸை ஒருதரம் தன் கையில் வாங்கிக்கூடப் பார்த்தார்.

அந்த வருஷம் பேராசிரியர் ஒரு புத்தகம் போடப் போவதாகச் சொன்னார். சுற்றுவட்டாரப் பறவைகள் எல்லாம் வரும். பட்டியல் வந்தபோது அதில் பம்புக்காரரின் படங்கள் பதினொன்று இருந்தன. ஒவ்வொன்றின் கீழும் பெயர் அச்சாகும். போனை எடுத்துப் போய் மனைவியின் முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

"உங்க பேரா?" என்றாள். படித்துவிட்டு யோசித்தாள். "என்ன வேலைன்னும் போடுவாங்களா?"

"பேரு மட்டுந்தான்."

"அப்பச் சரி."

அன்று மத்தியானமே அவள் தம்பி வீட்டுக்குப் போன் போட்டு, தம்பி பெண்டாட்டியிடம் முக்கால் மணி நேரம் பேசினாள். புத்தகம் வந்ததும் அந்த சோபாவில் உட்கார்ந்து பிரித்துக் காட்டவேண்டும் என்பது அவள் கணக்கு. அவருடைய கணக்கும் அதுதான், வெளியே சொல்லவில்லை.

புத்தகம் அச்சுக்குப் போக ஒரு மாதம் இருந்தபோது அந்தச் சின்ன உள்ளான் வந்தது. வழக்கமான உள்ளான்களோடு சேராமல் தனியாக, இடது சிறகில் ஒரு இறகு ஒடிந்து, ஓரமாக மேய்ந்துகொண்டிருந்தது. பம்புக்காரர் எட்டுப் படம் எடுத்தார். ஸ்டூடியோவில் பெரிதாக்கிப் பார்த்தபோது வலது காலில் மஞ்சளாக எதுவோ சுற்றியிருந்தது. பலூன் ரப்பர், நூல், பையின் கிழிசல் என்று அந்தக் குட்டையில் பறவைகளின் காலில் சுற்றாதது இல்லை. ஒருதரம் ஒரு கொக்கு நூல் இறுகி விரல் அழுகிச் செத்ததை அவரே வலை போட்டு எடுத்திருக்கிறார். இதுவும் அப்படித்தான் என்று நினைத்தார். காலிலிருந்து எடுக்க முடியாததைப் படத்திலாவது எடுத்துவிடலாம் என்று முக்கால் மணி நேரம் உட்கார்ந்து, காலின் மேல்பாகத்து நிறத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவந்து பூசினார். தோலின் செதில்கூடத் தப்பவில்லை. வழக்கம்போலப் பழையதை அழித்தார். படத்தைக் குழுவில் போட்டார்.

குழு கொதித்தது. இந்தப் பக்கத்தில் இதுவரை யாரும் பார்த்திராத பறவை என்று பேராசிரியர் எழுதினார். புத்தகத்தின் முதல் பக்கத்துக்கே இந்தப் படம்தான் என்றார். மூன்றாம் நாள் டாக்டர் வந்தார். பம்புக்காரரே கேட்டைத் திறந்து, தன் முக்காலியைப் போட்டு, பறவை நிற்கிற இடத்தைக் கையைப் பிடித்துக் காட்டினார்.

டாக்டர் நாற்பது ஐம்பது தட்டுத் தட்டிவிட்டுக் கேமராவின் பின்புறத் திரையைப் பெரிதாக்கினார். பறவையின் காலில் மஞ்சள் வளையம். அதில் மூன்று எழுத்து, இரண்டு எண். எங்கேயோ ஒரு நாட்டில் பிடித்து, அடையாளம் போட்டு, பறக்கவிட்டிருக்கிறார்கள். அந்த எழுத்தை எழுதிக் கேட்டால் எங்கிருந்து கிளம்பியது, எத்தனை வயது, எல்லாம் தெரியும் என்று விளக்கினார். பிறகுதான் திரும்பிப் பார்த்தார்.

"உங்க படத்துல கால் சுத்தமா இருந்துச்சே?"

பம்புக்காரர் குட்டையைப் பார்த்தார். "சேத்துல மறைஞ்சிருக்கும் சார்," என்றார்.

அந்த ஒரு பேச்சுதான் அவரைக் கவிழ்த்தது. சேறு இல்லை என்று படமே சொன்னது, நகம் வரைக்கும் பளிச்சென்று இருந்தது. பேராசிரியர் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குழுவில் போட்டு, கேமராவிலிருந்து வந்த மூலப் படத்தை அனுப்பும்படி கேட்டார். மூலப் படம் எங்கே இருக்கிறது? இரண்டு நாள் பதில் போகவில்லை. மூன்றாம் நாள் ஒருவர், வேறு எங்கோ யாரோ எடுத்த படமாக இருக்கும் என்று எழுதினார். இன்னொருவர், ஒரு பம்பு ஆபரேட்டருக்கு இவ்வளவு தரமான படம் எப்படி என்று அப்போதே சந்தேகப்பட்டதாக எழுதினார். அப்போது அவர்தான் கை தட்டுகிற பொம்மைகளை வரிசையாகப் போட்டவர்.

சாக்கடைக்காரன் என்றால் பொறுத்துக்கொள்வார். திருடன் என்றதைப் பொறுக்க முடியவில்லை. கேமராவின் கார்டைத் துழாவினார். நல்லதை மட்டும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டுச் சொத்தைப் படங்களைக் கார்டிலேயே விட்டிருந்தார். அதில் ஒன்றில் அதே பறவை, கலங்கலாக, திரும்பி நின்றது. ஒடிந்த இறகு தெரிந்தது. தேதி இருந்தது. காலில் ஒரு மஞ்சள் கீற்றும் இருந்தது. இதை அனுப்பினால் திருட்டு இல்லை என்று ஆகும். வளையத்தை அழித்தவன் யார் என்பதும் ஆகும்.

மச்சினனிடம் கேட்டார். "வாய மூடிட்டு இருங்க மாமா. ரெண்டு வாரத்துல வேற ஆளு மாட்டுவான், உங்கள மறந்துருவாங்க," என்றான் அவன். மனைவி, புத்தகத்தில் பெயர் வருமா வராதா என்று மட்டும் கேட்டாள்.

தட்டச்சு வராது என்பதால் மோட்டார் ரூமின் கதவைச் சாத்திக்கொண்டு குழுவில் குரலாகவே அனுப்பினார். பின்னால் மோட்டார் இரைந்தது. "நாந்தான் அழிச்சேன். குப்பை சுத்திருக்குன்னு நெனச்சேன். படம் என்னுதுதான். அனுப்பிருக்கேன், பாத்துக்கங்க."

நானூறு பேரும் கேட்டிருப்பார்கள். ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை. மறுநாள் காலையில் பேராசிரியர் போன் செய்தார். குரலில் மரியாதை குறையவில்லை. வெளிச்சம் கூட்டலாம், ஓரத்தை வெட்டலாம், உள்ளே இருப்பதை எடுக்கக்கூடாது என்பது மூன்றாவது விதி என்றார்.

"ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. மத்த படங்கள்லயும் இப்படி எதாவது எடுத்திருக்கீங்களா?"

ஒன்றிரண்டு என்று சொல்லியிருந்தால் ஒருவேளை நாலைந்து படம் தப்பியிருக்கும். பம்புக்காரர் ஒருதரம் சேறு என்று சொல்லிக் கெட்டது போதும் என்றிருந்தார்.

"எல்லாத்துலயும் சார். பை, நுரை, குழாய். அதெல்லாம் தெரிஞ்சா யாரு சார் பாப்பாங்க?"

உங்கள் நேர்மையை மதிக்கிறோம், ஆனால் பதினொன்றையும் புத்தகத்திலிருந்து எடுக்கவேண்டி வரும் என்றார் பேராசிரியர். முதல் பக்கத்துக்கு டாக்டரின் படம் போகும். வளையத்தைப் பற்றிக் கேட்டதற்குப் பதில் வந்துவிட்டதாம், பனி உறைகிற ஏதோ ஒரு சதுப்பில் இரண்டு வருஷத்துக்கு முன் போட்டது. சொல்லி முடித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் கேட்டைத் திறந்து வைக்க முடியுமா என்று கேட்டார். புத்தகத்தின் கடைசிப் பக்கத்துக்குக் குழுவாக நின்று ஒரு படம் எடுக்கவேண்டும், அந்தப் பறவை வந்த மூன்றாம் குட்டைதான் பொருத்தம்.

சூப்பிரண்டு உத்தரவு இருந்தது, திறந்துவைத்தார். பெஞ்சைக் கழுவவில்லை. இருபது பேர் குட்டையை ஒட்டின சுவரோரம் வரிசையாக நின்றார்கள். இவரை வரச் சொல்லவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. வால்வு திறக்கிற நேரம் ஆகியிருந்ததால் அவர்களுக்கு நாலடி தள்ளிச் சக்கரத்தைப் பிடித்தபடியே நின்றார், முகத்தைக் கேமரா பக்கம் திருப்பிக்கொண்டு. தள்ளி நில்லுங்கள் என்று யாரும் சொல்லாததால், படத்தில் விழுந்திருப்போம் என்று நினைத்துக்கொண்டார்.

புத்தகம் வந்தது. குழுவில் வாங்காமல் மச்சினன் எங்கோ கடையில் வாங்கிவந்தான். ஸ்டூடியோவில் பம்புக்காரர் கையைத் துடைத்துவிட்டுப் பிரித்தார். முதல் பக்கத்தில் வளையத்தோடு உள்ளான். நன்றிப் பக்கத்தில் சூப்பிரண்டு பெயர் இருந்தது, "நிலைய ஊழியர்கள்" என்றும் இருந்தது. கடைசிப் பக்கத்தில் இருபது பேர் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அந்தப் பக்கம் வெறும் சுவர்.

ஆரஞ்சுச் சட்டை இல்லை. வால்வுச் சக்கரமும் இல்லை.

பம்புக்காரர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். அந்தச் சுவரை அவர் பத்தொன்பது வருஷமாகத் தினம் பார்க்கிறார். அதில் விரிசல் ஒன்றே ஒன்று, மேலிருந்து இடது பக்கமாக இறங்கிக் கொக்கிபோல வளைவது. புத்தகத்தில் அதே விரிசல் அதே கொக்கியோடு இரண்டு இருந்தது. விரலை வைத்து மச்சினனுக்குக் காட்டினார்.

மச்சினன் பார்த்தான். அவனுக்கு ஒரு நொடிதான் ஆயிற்று. மாமாவின் முகத்தைப் பார்க்க மாட்டாமல் மவுஸை நகர்த்திக்கொண்டிருந்தான். "பறவைக்குத்தான் மாமா விதி," என்றான் கடைசியில்.

பம்புக்காரர் கேட்டதாகத் தெரியவில்லை. இரண்டாவது விரிசலையே நகத்தால் நீவிக்கொண்டிருந்தார்.

"வேலை தெரியாத பய எவனோ பண்ணிருக்கான் மாப்ளே," என்றார். "நாம பண்ணிருந்தா தெரிஞ்சிருக்காது."

புத்தகத்தை மூடி மச்சினன் மேஜையிலேயே வைத்துவிட்டு எழுந்தார். தண்ணி திறந்துவிடுகிற நேரம் ஆகியிருந்தது.