நாற்பத்தாறு பிள்ளைகளும் ஆறு மெகாபிக்சலும்

காலை ஏழு மணி பத்து நிமிடம், நாற்பத்தாறு பிள்ளைகள், ஸ்டெல்லா டீச்சர். ஏப்ரல் கடைசி ஞாயிறுக்கு என் நோட்டில் இவ்வளவுதான் எழுதியிருந்தது. நோட்டில் எழுதும்போது எந்த வேலையும் சுலபமாகத்தான் இருக்கும்.

படம் எடுக்கும் தொழிலில் படம் எடுப்பது சின்ன வேலை. எடுத்த படம் தொலையாமல் பார்த்துக்கொள்வதுதான் பெரிய வேலை. இருபது வயதான டிஜிட்டல் கேமராவை இன்னும் வீட்டை விட்டுத் துரத்தாமல் வைத்திருக்கும் சகோதர சகோதரிகளுக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.

பிரிவுபசாரம்

பெங்களூரில் ஒரு தமிழ் நாளிதழில் முப்பது வருடம் நிருபராக இருந்தேன். ஒரு கட்டத்தில் போட்டோகிராபர்களைக் குறைத்துவிட்டு நிருபர்கள் கையில் ஆளுக்கொரு கேமராவைத் திணித்தார்கள். எனக்குக் கிடைத்தது, லென்ஸ் கழற்றி மாட்டும் டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். கேமராக்கள் முதன்முதலாகச் சாமானியர் விலைக்கு இறங்கிய காலத்தில் வாங்கியது. ஆறு மெகாபிக்சல். முதுகில் தபால்தலை போல ஒரு திரை. தீப்பெட்டி போலத் தடித்த மெமரி கார்டு. வீடியோ கிடையாது.

இரண்டு வருடம் முன்பு நான் ஓய்வு பெற்றபோது, சுவர்க் கடிகாரத்துக்குப் பதில் அந்தக் கேமராவையே பொன்னாடையில் சுற்றிக் கொடுத்தார்கள். விற்கப் போனால் யாரும் வாங்க மாட்டார்கள் என்பது அலுவலகத்துக்குத் தெரியும். உதவி ஆசிரியர் சம்பத் கையைக் குலுக்கிச் சொன்னார்: "ரெண்டு பேரும் ஒரே நாள்ல ரிட்டயர் ஆகுறீங்க. ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்குங்க."

சுற்றி நிற்பவர்களுக்கு என்ன தெரியும்

ஓய்வுக்குப் பின் வந்த முதல் வேலை, கண்டோன்மென்ட் பக்கம் எங்கள் கத்தோலிக்கக் கோயிலின் திருவிழாக் கொடியேற்றம். அதற்கு முன்பே சிவாஜிநகரில் பழைய கேமராக்களைப் பழுதுபார்க்கும் இம்தியாஸ் பாயிடம் கொடுத்துத் துடைத்து வாங்கியிருந்தேன். படங்களுக்குக் கேமரா தானாகப் போடும் வரிசை எண்ணையும் அவர் 0001-க்குத் திருப்பிவிட்டார். "புது லைஃபு சார், ஒண்ணுலேர்ந்து ஆரம்பிங்க" என்றார்.

கொடியேற்றத்தில் நாற்பது படம். வீட்டுக்கு வந்து லேப்டாப்பில் 'கோயில்' என்று ஒரு ஃபோல்டர் போட்டு அதில் இறக்கினேன். பத்திரிகைப் பழக்கம். மாநகராட்சிக்கு ஒரு ஃபோல்டர், கோர்ட்டுக்கு ஒன்று, கோயிலுக்கு ஒன்று. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நான் வைத்துக்கொள்ளவில்லை.

அன்று கோயில் கமிட்டிப் பெரியவர் ஒருவர், கொடிமரத்தோடு என்னையும் ஒரு படம் எடுக்கிறேன் என்று கேமராவை வாங்கினார். போனைப் பிடிப்பதுபோலக் கையை நீட்டிப் பிடித்தார். இந்தக் கேமராவில் எடுத்த பிறகுதான் திரையில் படம் வரும். எடுக்கும் முன் கண்ணை ஒட்டிவைத்துத் துவாரம் வழியாகத்தான் பார்க்க வேண்டும். சொல்லிக் கொடுத்தேன். ஒட்டிவைத்துப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு கேமராவை என் கையில் திருப்பிக் கொடுத்தார்: "எல்லாம் நல்லாத்தான் தெரியுது தம்பி. ஆனா எனக்கு மட்டும்தானே தெரியுது? சுத்தி நிக்கிறவங்க எப்படிக் குறை சொல்லுவாங்க?"

கருடன்

லென்ஸை அடிக்கடி கழற்றுகிறவனுக்குத் தூசி குடும்பத்தில் ஒருவர். உள்ளே படம் பதியும் சென்சாரில் ஒரு துகள் போய் உட்கார்ந்தால், அதற்குப் பின் எடுக்கும் ஒவ்வொரு படத்திலும் அதே இடத்தில் ஒரு சாம்பல் புள்ளி விழும். நீலசந்திராவில் ஒரு கிரகப்பிரவேசம். மாடியில் குடும்பத்தை நிறுத்தி எடுத்த படங்களில் எல்லாம் வலது மேல் மூலையில், தெளிந்த வானத்தில், அந்தப் புள்ளி. மன்னிப்புக் கேட்கும் வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டு போனேன்.

வீட்டுக்கார அம்மா படங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். முகம் மலர்ந்தது. கணவரைக் கூப்பிட்டார், மாமியாரைக் கூப்பிட்டார். "பாருங்க, கருடன் வந்திருக்கு! எல்லா போட்டோவுலயும் அதே இடத்துல நிக்குது, நகரவே மாட்டேங்குது. அவ்ளோ ராசியான வீடு சார் இது."

தலைக்கு ஒரு கிளிக்

இப்போது ஸ்டெல்லா டீச்சர். எங்கள் கோயிலில் மறைக்கல்வி நடத்துகிறவர். ஒவ்வொரு வருடமும் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கும் பிள்ளைகளைப் பூசைக்கு முன் வெள்ளை உடையில் தனித்தனியாகப் படம் எடுத்து, வீட்டுக்கு ஒன்று கொடுத்து, இன்னொரு பிரதியைக் கோயில் ஹாலில் ஒரு போர்டில் ஒட்டி மாட்டுவார். இந்த வருடம் நாற்பத்தாறு பேர். அந்த வேலையை எனக்குக் கொடுத்தார். கூடவே பெற்றோருக்கு ஓர் உத்தரவும் போட்டார்: யாரும் போனை வெளியே எடுக்கக் கூடாது, போட்டோவுக்கு ஆள் இருக்கிறார். அந்த ஆள் நான். அந்தக் காலைக்கு வேறு சாட்சி கிடையாது.

உயர வரிசையில் நிறுத்தினார். ஒரு தலைக்கு ஒரு கிளிக். கண் மூடினால்தான் இரண்டாவது. நாளிதழில் அப்படித்தான் பழக்கம். ஒரு பிள்ளைகூடக் கண்ணை மூடவில்லை. பதினாறாவதாக வந்த மெர்லின் என்ற பெண், பூக்கிரீடத்தைச் சரிசெய்துகொண்டு, தலையில் போட்ட வெள்ளை நெட்டுக்குள்ளிருந்து தன் இரட்டைச் சடையை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டாள். இடுப்பைத் தொடும் சடை. டீச்சர் அவசரப்படுத்தினார். மெர்லின் அசையவில்லை: "இருங்க டீச்சர், சடை விழுந்தாத்தான் நானு."

ஒந்தே ஒந்து

மதியச் சாப்பாட்டுக்கு முன் கேமராவை லேப்டாப்போடு இணைத்து, படங்களை 'கோயில்' ஃபோல்டரில் இறக்கினேன். நடுவில் கேபிள் ஒருமுறை கழன்றது, திரும்ப மாட்டினேன். இதே பெயரில் படங்கள் ஏற்கெனவே இருக்கின்றன, மாற்றவா, விட்டுவிடவா என்று லேப்டாப் கேட்டது. முதல் தடவை வந்துவிட்டவற்றைத்தான் சொல்கிறது என்று நினைத்து, விட்டுவிடச் சொன்னேன். மறுநாள் கார்டைச் சுத்தமாக அழித்து வைத்தேன். அதுவும் பழக்கம்.

புதன்கிழமை தொம்மலூரில் ஒரு பேக்கரித் திறப்பு விழா. ரிப்பன், குத்துவிளக்கு, முதல் பன். பதினைந்து படம் எடுத்துவிட்டு லென்ஸுக்கு மூடி போட்டேன். பேக்கரிக்காரர் மஞ்சுநாத் தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிப்பவர். புது டெலிவரி ஆட்டோவை வாசலுக்கே ஓட்டி வந்து நிறுத்தி, இன்னும் ஒன்றே ஒன்று, அதோடு போதும் என்றார்: "சார், ஒந்தே ஒந்து. ஆட்டோவோட. அப்புறம் சாக்கு."

கொடிமரம்

சனிக்கிழமை டீச்சர் படங்களைப் பார்க்க என் வீட்டுக்கு வந்தார். கையில் பெயர்ப் பட்டியல். ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு டிக். பதினைந்து டிக் போட்டார். பதினாறாவது படத்தைத் திறந்தேன். கொடிமரம். பதினேழாவது, கொடியைத் தூக்கும் கமிட்டிப் பெரியவர்.

இந்தக் கேமராக்கள் 9999-க்கு மேல் எண்ணாது. அடுத்த படத்துக்குத் திரும்பவும் 0001 என்று பெயர் வைக்கும். பதினைந்தாவது பிள்ளை 9999. மெர்லின் 0001. ஆனால் என் ஃபோல்டரில் 0001 ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது, இரண்டு வருடப் பழைய கொடியேற்றமாக. லேப்டாப் ஒழுங்காகக் கேட்டது. நான் ஒழுங்காக விட்டுவிடச் சொன்னேன். முப்பத்தொரு பிள்ளைகளையும் விட்டுவிட்டது. கார்டை அழித்தவன் நானே.

முப்பது வருடத்தில் எத்தனையோ பேரிடம் 'இப்போது எப்படி உணர்கிறீர்கள்' என்று மைக்கை நீட்டியிருக்கிறேன். டீச்சர் எதையும் நீட்டவில்லை. பேனாவை மூடினார்: "ஏன் சார், கொடிமரத்துக்கும் புதுநன்மை குடுத்தாச்சா?"

தடிச்ச கார்டு

அழித்த கார்டிலிருந்தும் படங்களை மீட்கலாம், அவற்றின் மேல் புதிதாக எதுவும் எழுதப்படாதவரை. அதற்குக் கார்டைத் தனியாகச் செருகிப் படிக்கும் ரீடர் வேண்டும். சிவாஜிநகரில் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆறு கடை ஏறி இறங்கினேன். எல்லோரிடமும் நகம் அளவு கார்டுக்கு இருந்தது, தீப்பெட்டிக்கு இல்லை. ஒரு கடைப் பையன் கார்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இதில் எத்தனை பாட்டு ஏறும் என்று கேட்டான்.

கடைசியில் இம்தியாஸ் பாய். இரும்பு டப்பா ஒன்றைத் திறந்து, கேபிள் மூட்டைக்கு அடியிலிருந்து ஒரு ரீடரை எடுத்தார். ஊதினார். செருகினார். இரண்டு மணி நேரம் பிள்ளைகள் ஒவ்வொருவராகத் திரையில் வந்து நின்றார்கள். முப்பது பேர் வந்தார்கள். அழிக்கும் முன் நாற்பத்தாறு பேரின் படங்களும் கார்டில் எடுத்த வரிசையில் இருந்தன. பேக்கரியின் பதினைந்து படங்களும் முதல் பதினைந்து பிள்ளைகளின் இடத்தில் போய் உட்கார்ந்திருந்தன. அவர்கள்தான் ஏற்கெனவே பத்திரமாக லேப்டாப்பில் இருந்தார்கள். பதினாறாவது படம், ஆட்டோ, மெர்லினின் இடத்தில் ஏறியிருந்தது. பாய் மூன்று விதமாக முயன்று பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்: "அரே சார், ஒரு பன் கம்மியா போட்டோ புடிச்சிருந்தா பாப்பா வந்திருக்குமே."

மொட்டை

இன்னொரு முறை எடுத்துவிடலாம், வெள்ளை உடை வீட்டில்தானே இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு டீச்சரும் நானும் நீலசந்திராவில் மெர்லின் வீட்டுக்குப் போனோம். அவள் அம்மா ஆரோக்கியமேரி கதவைத் திறந்தார். புதுநன்மை முடிந்ததும் வேளாங்கண்ணி போய் முடி கொடுப்பதாக நேர்ந்திருந்தார்களாம். திங்கள்கிழமை கிளம்பி அன்று காலைதான் திரும்பியிருந்தார்கள். பின்னால் மெர்லின் வந்து நின்றாள். தலையில் சந்தனம். இடுப்பைத் தொட்ட சடை கடற்கரையில் தங்கிவிட்டது.

நடந்ததை மறைக்காமல் சொன்னேன். ஆரோக்கியமேரி முந்தானையால் முகத்தைத் துடைத்தார். ஓர் அலுவலகத்தில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்க்கிறவர். மூன்று வருடம் சீட்டுக் கட்டி வாங்கிய உடை அது. "அவ சடையோட ஒரு போட்டோ வேணும்னுதான் இத்தனை நாள் மொட்டையைத் தள்ளிப் போட்டேன் சார்" என்றார் கடைசியில்.

நெட்டைப் போட்டு மூடி எடுத்துவிடலாமா என்று டீச்சர் மெதுவாகக் கேட்டார். மெர்லின் என்னையும் என் தோளில் தொங்கிய கேமராவையும் மாறி மாறிப் பார்த்தாள்: "வேணாம். முடி வரட்டும். சடை விழுற அளவுக்கு வரட்டும். அப்பவும் மத்தவங்களை எடுத்தீங்களே, அதே கேமராவுலதான் எடுக்கணும்."

நலமாக இருக்கிறாள்

ஜூனில் போர்டு மாட்டப்பட்டது. நாற்பத்தைந்து படம், ஒரு வெள்ளைக் கட்டம். கட்டத்துக்குக் கீழே 'மெர்லின்' என்று பெயர் மட்டும். இரண்டாம் வாரம் ஆரோக்கியமேரி டீச்சரிடம் வந்து அழுதார். ஹாலுக்கு வருகிறவர்கள் அந்தக் கட்டத்தின் முன் நின்று சிலுவை போடுகிறார்களாம். ஒருவர் மெழுகுவர்த்தியே வைத்துவிட்டார். அன்றே டீச்சர் கட்டத்துக்குள் கொட்டை எழுத்தில் எழுதினார்: "நலமாக இருக்கிறாள். முடி வளர்கிறது."

எண்ணி எடுங்க

ஆகஸ்டில் கேமராவின் ஷட்டர் மக்கர் பண்ண ஆரம்பித்தது. பத்துக்கு ஒரு தடவை பாதியில் நின்று, திரையில் பிழை என்று காட்டும். இம்தியாஸ் பாய் திறந்து பார்த்தார். இந்த மாடலுக்கு உதிரி பாகம் வருவது நின்று பல வருடம் ஆகிவிட்டது. அதனால் மற்ற வேலைகளுக்கு எல்லாம் போனிலேயே எடுத்தேன். ஒருவரும் குறை சொல்லவில்லை. அதுதான் கொஞ்சம் வருத்தம்.

ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் மெர்லின் என்னிடம் வந்து தலையைக் குனிந்து காட்டுவாள். செப்டம்பரில் சீப்பு நின்றது. அக்டோபரில் கிளிப் நின்றது. நவம்பரில் வெள்ளை உடையைப் போட்டுப் பார்த்ததில் அது முழங்காலுக்கு ஏறிவிட்டதாம். இடுப்புவரைதான் எடுப்பேன், கவலை வேண்டாம் என்றேன். பேட்டரியைக் கழற்றிக் கேமராவை அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் ஈரம் படாமல் வைத்திருந்தேன். மாதம் ஒரு கிளிக், உயிர் இருக்கிறதா என்று பார்க்க. பாய் ஒவ்வொரு முறையும் ஒரே எச்சரிக்கைதான் கொடுத்தார்: "எத்தனை மிச்சம்னு அல்லாவுக்குத்தான் தெரியும். எண்ணி எடுங்க சார்."

0001-க்குப் பதில்

டிசம்பரில் ஒரு ஞாயிறு மெர்லினை ஏழு மணி பத்து நிமிடத்துக்கே வரச் சொன்னேன். அதே சுவர், அதே வெளிச்சம். ஸ்டெல்லா டீச்சர் பூக்கிரீடத்தை வைத்தார். ஆரோக்கியமேரி இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்துப் பின்னியிருந்தார். சடை என்று சொன்னால் சடை, விரல் நீளம். மெர்லின் இரண்டையும் முன்னால் எடுத்துப் போட்டாள். அவை தோளைத் தொடாமல் காதோரமே நின்றன. அவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

முதல் கிளிக்கில் ஷட்டர் நின்றுவிட்டது. பேட்டரியைக் கழற்றி மாட்டினேன். இரண்டாவது கிளிக் விழுந்தது. தபால்தலைத் திரையில் மெர்லின் வந்தாள், கண் திறந்து, எட்டு மாதம் மூத்தவளாக. லேப்டாப்பைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். அவள் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள்: "அங்கிள், இந்த தடவை எனக்குக் காட்டாம எதையும் அழிக்கக் கூடாது."

ஓய்வுக்குப் பின் இந்தத் தொழிலில் நான் கண்ட முன்னேற்றம் ஒன்றே ஒன்று: இப்போது ஒரு வேலைக்கு ஒரு ஃபோல்டர். டிசம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை, இரண்டாம் பூசைக்குப் பின், கோயில் ஹால் போர்டில் நாற்பத்தாறாவது படம் ஒட்டப்பட்டது.